ஒண்டிப்புதூரிலிருந்து டைடல் பார்க்: பஸ் எவ்வளவு வேகமாக வந்தால் காரை வீட்டில் நிறுத்துவோம்?

ஒண்டிப்புதூரான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கமுங்க. போன மாசம் 22 வேலை நாளும், வீட்டு வாசலை விட்டு இறங்கின நேரத்திலிருந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த நேரம் வரைக்கும் போனில் குறித்து வைத்தேன். 11 நாள் கார், 11 நாள் பஸ். கோவையில் ஒண்டிப்புதூரிலிருந்து டைடல் பார்க் பக்கம், சுமார் 9 கிமீ. காரில் சராசரி 34 நிமிடம், பஸ்ஸில் 72 நிமிடம்.

இரண்டு மடங்குக்கும் மேலே. அதோடு விட்டிருந்தால் "பஸ் மெதுவு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நான் ஒவ்வொரு துண்டாகக் குறித்திருந்தேன். வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடை 6. அங்கே காத்திருந்தது 14. சிங்காநல்லூர் வரைக்கும் பஸ் 11. இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றது 12. காமராஜர் ரோடு வழியாக ஹோப் காலேஜ் 19. அங்கிருந்து ஆபீஸுக்கு 10. கூட்டிப் பாருங்கள், பஸ்ஸுக்குள் நான் இருந்தது வெறும் 30 நிமிடம். காரில் 34ல் நிறுத்த இடம் தேடிச் சுற்றியது 5, அதைக் கழித்தால் 29. ரோட்டில் ஓடும்போது காரும் பஸ்ஸும் கிட்டத்தட்ட ஒரே வேகம்! ரெண்டும் ஒரே நெரிசலில்தானே நிற்கிறது.

எனக்குப் போன 38 நிமிடம் ரோட்டில் போகவில்லை, நிறுத்தத்தில் போயிருக்கிறது. காலை 8.20க்கு வெயில் முதுகில் அடிக்க, பஸ் வருமா வராதா என்று தெரியாமல் நிற்கிற அந்த 14 நிமிடம் எனக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்தது.

என் கேள்வி இதுதான். உங்கள் வழித்தடத்தில் பஸ்ஸோ ரயிலோ எத்தனை நிமிடத்துக்குள் வீட்டிலிருந்து வேலைக்குக் கொண்டுபோய் விட்டால் நீங்கள் காரை எடுக்க மாட்டீர்கள்? முடிந்தால் துண்டு துண்டாகக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். மொத்தமாகச் சொன்னால் எங்கே அடைக்கிறது என்று தெரியாது.

வடவள்ளி_கார்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் அண்ணா. என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வடவள்ளி டு சரவணம்பட்டி தினமும் காரில் 50 நிமிடம் ஆகிறது. 70 நம்பர் பஸ் பிடித்து காந்திபுரம், அங்கிருந்து சத்தி ரோடு பஸ் என்று போனால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. போகிற வழியில் பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். மாசம் இரண்டு தடவை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மழை வந்தால் கணபதியில் முழங்கால் வரைக்கும் தண்ணீர். பஸ் 50 நிமிடத்தில் போனால்கூட நான் ஏறுவேனா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பஸ்ஸுக்குத் தனித் தடம் என்று பேச்சு வருவதற்கு முன்னாலேயே சொல்கிறேன். டெல்லியில் 2008ல் அம்பேத்கர் நகர் டு மூல்சந்த் பஸ் தடம் போட்டார்கள். 6 கிமீ கூடக் கிடையாது. கார்க்காரர்கள் எல்லாம் ஒரு பக்கம் நெருக்கி நின்றதுதான் மிச்சம், கடைசியில் 2016ல் எடுத்தே விட்டார்கள். இங்கே அவிநாசி ரோட்டில் 10.1 கிமீ மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் சிக்னலே இல்லாமல் போகலாம். கண்ணால் பார்க்கிற பலன் அதுதான்.

அன்னூர்_மொபெட்

கார், பஸ் என்று இரண்டை மட்டும் பேசுகிறீர்கள். நம்ம ஊரில் பஸ்ஸுக்கு உண்மையான போட்டி கார் இல்லீங்க, டூவீலர். எங்கள் யூனிட்டில் 60 பேர் வேலை, வாசலில் 4 கார், 45 வண்டி நிற்கும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு மேலே போனாலும் 45 கிமீ கொடுக்கிற வண்டிக்குக் கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய்ச் சொச்சம்தான். நெரிசலில் சந்து பொந்தில் நுழைந்து போய்விடும், யூனிட் வாசலிலேயே நிற்கும், இரவு 9 மணிக்கு ஓவர்டைம் முடிந்தால் அப்போதே கிளம்பலாம். ஒண்டிப்புதூர் அண்ணாவின் 9 கிமீக்கு என் வண்டியில் 24 நிமிடம் போதும். பஸ் இதோடு நேரத்தில் ஜெயிக்கவே முடியாது.

ஆனால் ஒன்று. போன வருஷம் ஐப்பசி மழையில் கோவில்பாளையம் தாண்டி வண்டி சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து இரண்டு மாசம் வீட்டில் இருந்தேன். அந்த இரண்டு மாசச் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய் என்ற கணக்கு நிற்காது. அதனால் பஸ் கொஞ்சம் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை, நம்பி நிற்கலாம் என்று தெரிந்தால் நான் மாறுவேன். 24க்கு 40 ஆகட்டும். 72 என்றால் முடியாது.

பழைய நடத்துநர்

கண்டக்டராக 29 வருஷம் ஓடியவன், ரிட்டயர்டு ஆகி ஆறு வருஷம் ஆச்சு. தம்பி 14 நிமிடம், 12 நிமிடம் நின்றேன் என்றாரே, அது எங்கிருந்து வந்தது என்று பஸ்ஸுக்குள்ளிருந்து சொல்கிறேன்.

ஒரு ரூட்டில் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வையுங்கள். முதல் பஸ் சிங்காநல்லூர் சிக்னலில் மாட்டி 3 நிமிடம் லேட். அடுத்த நிறுத்தத்தில் 10 நிமிடக் கூட்டம் இருக்க வேண்டிய இடத்தில் 13 நிமிடக் கூட்டம் நிற்கும். எல்லாரும் ஏற வேண்டும், படிக்கட்டில் நிற்பவர்கள் இறங்கி வழிவிட வேண்டும், இன்னொரு நிமிடம் போச்சு. அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம், இன்னும் லேட். பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஆளே இல்லை, விசில் ஊதி ஊதிப் போய்க்கொண்டே இருக்கும். ஒண்டிப்புதூர் வருவதற்குள் ரெண்டும் ஒட்டிக்கொண்டு வரும். முன்னால் போவதில் மூச்சு விட முடியாது, பின்னால் வருவது காலி. அப்புறம் 20 நிமிடம் ஒன்றும் வராது. நிற்கிறவர்கள் கண்டக்டரைத்தான் திட்டுவார்கள். 10 நிமிடத்துக்கு ஒன்று என்று போர்டில் இருந்தால் சராசரி 5 நிமிடம் நின்றால் போதும் என்று கணக்கு, நீங்கள் நிற்பது 14. வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

டிரைவர் என்ன செய்வார்? லேட் ரன்னிங்கைப் பிடிக்க நிறுத்தத்தில் நிற்காமல் தள்ளிப் போய் நிறுத்துவார், வயசானவர்கள் ஓடி வருவார்கள். ரோடு காலியாக இருந்த காலத்தில் போட்ட ஓட்ட நேரத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஓட்டச் சொன்னால் யாராலும் முடியாது. சில சமயம் நாங்களே வண்டியை ஓரம் கட்டுவோம், கட்டணம் மாறுகிற ஸ்டேஜ் முடிவதற்குள் டிக்கெட் போட்டு முடிக்க. நூறு பேர் நிற்கிற பஸ்ஸில் அது ஒரு ஸ்டேஜுக்கு இரண்டு நிமிடம் தின்னும். மெஷின் வந்த பிறகு குறைந்தது, ஆனாலும் சில்லறைப் பிரச்சனை இருக்கிறது.

ஆனால் நம்ம பஸ்ஸில் இருக்கிற ஒரு நல்லதையும் சொல்லணும். இரண்டு வாசலிலும் ஏறுகிறார்கள், டிக்கெட் வண்டி ஓடும்போதே போடுகிறோம். டிரைவரே டிக்கெட் கொடுக்கிற ஊரில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரிசை நின்று ஏற வேண்டும். கண்டக்டரை எடுத்துவிட்டால் செலவு மிச்சம் என்று பேசுகிறவர்கள் இந்த நிமிடங்களையும் எண்ண வேண்டும்.

சோமனூர்_தறி

நான் சோமனூர், வேலை திருப்பூரில், எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மங்கலம் வழியாகப் பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம் நெருங்கும். பாசஞ்சர் ரயிலில் 20 நிமிடம். கார் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இதைத் தொட முடியாது. திருப்பூருக்குள் நுழைந்த பிறகு காலை 9 மணிக்கு எந்தக் காரும் நகராது, ரயில் ஊர் நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

சரி, அப்புறம் ஏன் சோமனூரில் எல்லாரும் ரயிலில் போவதில்லை? நிற்கிற ரயில்கள் சிலதான். எனக்கு ஏற்றது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலை வண்டியை ஒரு நிமிடத்தில் விட்டால் அன்றைக்கு அரை நாள் லீவு போட வேண்டிய நிலை. பின்னால் சூப்பர்ஃபாஸ்ட் வந்தால் எங்கள் வண்டியை லூப் லைனில், அதாவது பக்கத் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள், சன்னல் வழியாக அது தடதடவென்று போவதைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் போனில் "லேட் ஆகும் சார்" என்று சொல்லிக்கொண்டிருப்போம். சரக்கு வாங்குகிற பையரோடு போன் பேச்சு இரவு 7 மணிக்கு இருந்தால் மாலை வண்டி போய்விடும், அன்றைக்கு வீட்டுக்காரர் வந்து கூட்டிப் போகணும்.

இன்னொன்று. திருப்பூர் ஸ்டேஷனிலிருந்து என் கம்பெனி 5 கிமீ. அதற்காக ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கி ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டிருக்கிறேன். சோமனூர்ப் பக்கம் ஒரு வண்டி, திருப்பூர்ப் பக்கம் ஒரு வண்டி. சீசன் டிக்கெட் ரொம்ப மலிவு, ஆனால் இரண்டு ஸ்டாண்டு வாடகை, இரண்டு இன்சூரன்ஸ். என்னைப் போலச் செய்கிறவர்கள் அந்த ஸ்டாண்டில் நிறையப் பேர், காலையில் தூசி துடைக்கிற துணியோடு நிற்போம், ஒருவரை ஒருவர் முகம் தெரியும்.

பாலம்_கணக்கு

சிவில் படித்தவன், இப்போது சாலைத் திட்டங்களில் கணக்குப் பார்க்கிற வேலை. ஒண்டிப்புதூர் அண்ணா கேட்டதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. டவுன்ஸ்–தாம்சன் முரண் என்பார்கள். நெரிசல் நேரத்தில் ஒரு நகரத்தின் கார் வேகத்தை ரோட்டின் அகலம் முடிவு செய்வதில்லை, தனிப் பாதையில் ஓடுகிற ரயிலோ பஸ்ஸோ வீட்டிலிருந்து வேலைக்குக் கொண்டுபோகிற மொத்த நேரம்தான் முடிவு செய்கிறது என்பது அதன் சாரம்.

யோசித்தால் நியாயம் புரியும். ரயிலில் 45 நிமிடம், காரில் 35 நிமிடம் என்றால் ரயிலில் இருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காருக்கு மாறுவார்கள். ரோடு நிரம்பி, கார் நேரம் 45க்கு வந்து நிற்கும் வரைக்கும் மாறுவார்கள். ரோட்டை அகலம் செய்தால் ஒரு வருஷம் 35 ஆகும், ரயிலிலிருந்து இன்னும் ஆட்கள் கழன்று வருவார்கள், ஆள் குறைந்ததால் ரயில் நடையைக் குறைப்பார்கள், ரயில் நேரம் 55 ஆகும், பிறகு காரும் 55க்குப் போய் நிற்கும். காசு செலவழித்து எல்லாரும் மெதுவாகிப் போவோம். இதைத் திருப்பிப் பாருங்கள். கார் வேகமாகப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், பஸ்ஸும் ரயிலும் வேகமாக வேண்டும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

வடவள்ளி நண்பர் டெல்லியைச் சொன்னார், உண்மைதான், 6 கிமீ துண்டாகப் போட்டால் இரண்டு முனையிலும் பஸ் மறுபடி நெரிசலில் விழும், லாபம் கரைந்துவிடும். சியோலையும் பார்க்க வேண்டும். ஊர் நடுவே ஓடிய சோங்கேசோன் மேம்பாலச் சாலையை 2003ல் இடிக்க ஆரம்பித்து, கீழே மூடிக்கிடந்த ஓடையை 2005ல் திறந்தார்கள். இடையில் 2004 ஜூலையில் பஸ் வழித்தடங்களை மொத்தமாகத் திருத்தி, பெரிய ரோடுகளில் நடுத் தடத்தைப் பஸ்ஸுக்குக் கொடுத்தார்கள். ஒன்றை எடுத்தபோது இன்னொன்றைக் கையில் கொடுத்தார்கள். டெல்லியில் செய்யாதது இதுதான்.

மெட்ரோ பற்றி யாராவது கேட்பார்கள். அவிநாசி ரோடு, சத்தி ரோடு என்று இரண்டு தடம் போட்டு அனுப்பிய திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டுமாம், 2011 கணக்கெடுப்பில் நமக்கு அது இல்லையாம். பதினான்கு வருஷத்துக்கு முந்தைய கணக்கை வைத்து நாளைய ஊருக்கு அளவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் நாளைக்கே ஒப்புதல் வந்தாலும் சென்னையில் 2009ல் வேலை தொடங்கி முதல் துண்டு 2015ல்தான் ஓடியது. இந்த ஆறு வருஷம் ஒண்டிப்புதூர் நிறுத்தத்தில் நிற்பவர் என்ன செய்வார்?

வடவள்ளி_கார்

படித்தேன். நியாயமாக இருக்கிறது, ஆனால் ஒரு கேள்வி. கணபதியில் ரோடே இரண்டு பஸ் எதிரெதிரே போகத் திணறுகிற அகலம். அங்கே எந்தத் தடத்தைப் பஸ்ஸுக்குக் கொடுப்பீர்கள்? இரண்டு பக்கமும் கடை, அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும். ஏட்டில் சரியாக வருவது சத்தி ரோட்டில் வராது.

துடியலூர்_டீச்சர்

துடியலூரிலிருந்து காந்திபுரம் பக்கம் பள்ளிக்குப் போகிறேன். 2021 மே மாசத்திலிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பலருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண்களுக்கு முழுசாகத் தெரியாது. என்னோடு பஸ்ஸில் வருகிற ஓர் அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறார், முன்பு இரண்டு வீடு நடந்து போகிற தூரத்தில் மட்டும் செய்தார். இப்போது சாயிபாபா காலனி வரைக்கும் வருகிறார். அவருக்குப் பஸ்ஸின் வேகம் கணக்கே இல்லை, பஸ் வந்ததால் வேலையே கிடைத்தது.

ஆனால் நிறுத்தத்தில் நடப்பதைப் பாருங்கள். கோயமுத்தூரில் தனியார் டவுன் பஸ் நிறைய. அதில் இலவசம் கிடையாது. ஐந்து நிமிடத்தில் தனியார் பஸ் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், அந்த அம்மா ஏற மாட்டார், அடுத்ததும் தனியார், அதிலும் ஏற மாட்டார். காசைக் கொடுக்க மனசு வராது, கொடுக்கவும் முடியாது. 20 நிமிடம் நின்று அரசு பஸ்ஸில் ஏறுவார். ரோட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிறது என்று கணக்கில் இருக்கும், அவருக்கு 20 நிமிடத்துக்கு ஒன்றுதான். ஒரே நிறுத்தத்தில் நிற்கிற இரண்டு பேருக்கு இரண்டு விதமான பஸ் நேரம்! தனியார் பஸ்ஸிலும் அந்தச் சலுகை செல்ல அரசு அவர்களுக்குப் பணம் கட்டினால், ஒரு பஸ்கூடப் புதிதாக வாங்காமல் பாதிப் பேரின் காத்திருப்பு குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ரயிலைச் சொன்னார்களே, எங்கள் பக்கம் மேட்டுப்பாளையம் மெமு, அதாவது குறுந்தூர மின்சார ரயில், இருக்கிறது. துடியலூரில் ஏறினால் கோவை ஜங்ஷன் சீக்கிரம். ஏப்ரல் மே மாசம் ஊட்டி சீசனில் மேட்டுப்பாளையம் ரோட்டில் கார் வரிசை கட்டி நிற்கும்போது அந்த ரயில் பக்கத்திலேயே போகும். ஒற்றைப் பாதை, நாளைக்குச் சில நடைதான், அதனால் என் பள்ளி நேரத்துக்கு ஒத்து வருவதில்லை.

பொள்ளாச்சி_இளநீர்

இழை முழுக்கப் படித்துவிட்டு எங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்லத் தோன்றியது. பொள்ளாச்சி டு கோவை 40 கிமீ சொச்சம். அகலப் பாதையாக மாற்றி 2017ல் போத்தனூர் லைன் திறந்தார்கள், ரயில் சொகுசாக, மலிவாகப் போகிறது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் "உக்கடம் பஸ் ஏறிப் போயிரலாமுங்க" என்றுதான் சொல்வார்கள். ஏனென்றால் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே ஒரு வண்டி புறப்பட்டுக்கொண்டிருக்கும், அது போனால் பின்னாலேயே அடுத்தது. பொள்ளாச்சியில் பிறந்தவன் யாரும் கோவை பஸ்ஸுக்கு நேரம் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்பினது கிடையாது. ரயிலுக்குக் கடிகாரம் பார்க்கணும்.

ஈரோடு, கோபி, தாராபுரம் எந்தப் பக்கம் போனாலும் நம்ம கொங்கு நாட்டு ஊர்விட்டு ஊர் பஸ் அப்படித்தான். யாரும் சியோல் போய்ப் படித்து வந்து செய்ததில்லை. ஊருக்கு ஊர் நாற்பது கிமீ தாண்டி இப்படி ஓட்ட முடிகிற நம்மால், ஊருக்குள் 9 கிமீக்கு ஏன் முடியவில்லை? இதுதான் என்னை உறுத்துகிறது.

பழைய நடத்துநர்

பொள்ளாச்சித் தம்பி கேட்டதற்குப் பதில்: ஊர்விட்டு ஊர் ரூட்டில் நெரிசல் இரண்டு முனையில் மட்டும், நடுவில் ஓடி நேரத்தைப் பிடித்துவிடலாம். டவுன் பஸ்ஸுக்கு முனையும் நெரிசல், நடுவும் நெரிசல். ஒரு வண்டி முன்பு நாளைக்கு 12 சிங்கிள், அதாவது ஒரு வழி நடை, அடித்தது என்றால் அதே வண்டி, அதே டிரைவர், இப்போது 8தான் அடிக்க முடிகிறது. நாலு சிங்கிள் போச்சு என்றால் மூன்று பஸ்ஸில் ஒன்று காணாமல் போன மாதிரி. அதனால் பஸ்ஸுக்கு வழி விட்டால் பஸ் வேகமாகப் போவது மட்டுமில்லை, புதுப் பஸ் வாங்காமலேயே பஸ் எண்ணிக்கை கூடும். வேகமும் காத்திருப்பும் தனித்தனி என்று நினைக்காதீர்கள் கண்ணு.

ஒண்டிப்புதூரான்

ஐயா, இந்த ஒரு கணக்குக்காகவே இழையைத் தொடங்கினது வீண் போகவில்லை.

என் 72ஐத் திருத்திப் பார்க்கிறேன். இரண்டு பஸ்ஸும் 6 நிமிடத்துக்கு ஒன்று ஒட்டிக்கொள்ளாமல் வந்தால் காத்திருப்பு 26லிருந்து 6 ஆகும், அங்கேயே 52. சிங்காநல்லூர் சிக்னலிலும் காமராஜர் ரோட்டிலும் பஸ்ஸுக்கு முன்வழி கொடுத்து 6 நிமிடம் மிச்சப்பட்டால் 46. கார் 34. இன்னும் 12 நிமிடம் பஸ் பின்னால்தான். ஆனால் நான் 46க்கு மாறிவிடுவேன், அந்த அரை மணி நேரம் உட்கார இடம் கிடைத்தால் எதையாவது படிப்பேன், ஆபீஸ் போகும்போது தோள் இறுகிப் போயிருக்காது. அன்னூர் அண்ணா 24க்கு 40 என்றார், நான் 34க்கு 46 என்கிறேன். பஸ் காரை முந்தத் தேவையில்லை, பக்கத்தில் வந்தால் போதும், தினமும் அதே நேரத்துக்கு வந்தால் போதும்.

இப்போது அவிநாசி ரோட்டுக்கு வருகிறேன். மேம்பாலத்தில் நிறுத்தம் கிடையாது, நிறுத்தமெல்லாம் கீழே. நேராகப் போகிற கார்கள் மேலே போய்விட்டதால் கீழ் ரோட்டில் கொஞ்சம் இடம் பிறந்திருக்கிறது. அந்த இடம் காலியாக இருக்கும்போதே லட்சுமி மில்ஸிலிருந்து ஹோப் காலேஜ் தாண்டி ஒரு தடத்தைக் காலை 8 முதல் 10.30, மாலை 5 முதல் 8 வரைக்குமாவது பஸ்ஸுக்கு ஒதுக்க வேண்டும். ஒரு வருஷம் விட்டால் பாலம்_கணக்கு சொன்னது போல அந்த இடமும் நிரம்பிவிடும், அப்புறம் யாரிடமிருந்தும் பிடுங்க முடியாது. பெயிண்ட், நாலு போலீஸ், ஒரு ஆறு மாசம். மெட்ரோ வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, அது வரைக்கும் இதைச் செய்யலாமே.

பழைய நடத்துநர்

தடம் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே முடிவு பண்ணணும். இடது ஓரம் கொடுத்தால் ஆட்டோ நிற்கும், பார்சல் வண்டி நிற்கும், பேக்கரி முன்னால் பைக் நிற்கும். ஒரே ஒரு கார் ஐந்து நிமிடம் நின்றால் போதும், தடமே செத்துப்போகும். தூண் ஓரமாக நடுவில் கொடுத்தால் வண்டி தடங்கல் இல்லாமல் போகும், ஆனால் ஏறுகிறவர்கள் ரோட்டைக் கடந்து வர வேண்டும், பள்ளிப் பிள்ளைகள், வயசானவர்கள் எல்லாம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் சிக்னலோடு கடக்கும் இடம் வைக்காமல் நடுத் தடம் போடவே கூடாது.

பெருந்துறை_ஷிப்ட்

சிப்காட்டில் ஷிப்ட் வேலை. எல்லாரும் காலை 9 மணியையே பேசுகிறீர்கள். எங்களுக்கு இரவு 10க்கு ஷிப்ட் முடியும். கம்பெனி வண்டி இருக்கிற இடத்தில் பிரச்சனை இல்லை, ஊர் ஊராகப் போய் ஏற்றிக்கொண்டு வரும், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் அப்படித்தான். வண்டி இல்லாத சின்ன யூனிட் ஆட்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் என்ன செய்வார்கள்? அந்தப் பயத்தில்தான் பைக் தவணையில் எடுக்கிறார்கள். காலையில் எவ்வளவு வேகமாகப் பஸ் வந்தாலும், திரும்பி வர வழி இல்லை என்றால் காலையிலும் பைக்தான். பகலில் 6 நிமிடம் என்பதை 8 ஆக்கி, மிச்சமாகிற வண்டியை இரவு 11 வரைக்கும் ஓட்டுங்கள் என்று நான் கேட்பேன்.

அன்னூர்_மொபெட்

பெருந்துறைத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. என் 40 நிமிடத்தில் "இரவு 9.30க்கும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோமனூர்_தறி

ரயிலுக்கும் அதேதான். கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவில் பீளமேடு, இருகூர், சூலூர் ரோடு, சோமனூர், வஞ்சிபாளையம் என்று ஸ்டேஷன்கள் ஏற்கனவே இருக்கின்றன, இரட்டைப் பாதை, மின்சாரம் எல்லாம் இருக்கிறது. இருகூரிலிருந்து சிங்காநல்லூர் வழியாகப் போத்தனூருக்கும் ஒரு லைன் போகிறது. இதில் அரை மணிக்கு ஒரு மெமு இரவு 10 வரைக்கும் ஓடினால் ஒண்டிப்புதூர் அண்ணாவுக்கே பயன்படும். நீண்டதூர ரயில்களுக்கு நடுவே பாதையில் இடம் கிடைப்பது கஷ்டம் என்று தெரியும், அதற்காக மூன்றாவது பாதை கேட்டு எங்கள் ஊர்க்காரர்கள் மனு கொடுக்கத் தயார். மேம்பாலத்துக்குக் காசு கிடைத்ததே.

வடவள்ளி_கார்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பிள்ளையைப் பள்ளியில் விடும் வேலையைப் பக்கத்து வீட்டு அண்ணாவோடு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம், அவர் கூட்டிப் போகிற நாட்களில் நான் பஸ்ஸில் போனேன். நாலு நாள் கணக்கு: 88, 95, 84, 91 நிமிடம். இதில் காந்திபுரத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தது, நின்றது மட்டும் ஒவ்வொரு நாளும் 20க்கு மேலே. மருதமலை ரோட்டில் 70 நம்பருக்கு நான் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்கவே இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சத்தி ரோட்டு பஸ்தான் கழுத்தறுத்தது. ஒரு நாள் ஒட்டிக்கொண்டு மூன்று வந்தது, ஐயா சொன்ன மாதிரியே.

வடவள்ளியிலிருந்து காந்திபுரத்தைத் தொட்டு, இறங்காமல் நேராகச் சரவணம்பட்டி வரைக்கும் ஒரு பஸ் இருந்தால் 65ல் போய்விடலாம் என்று கணக்கு வருகிறது. காரில் 50. 65க்கு நான் வாரத்தில் மூன்று நாள் ஏறுவேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாள் கார்தான், அதில் மாற்றம் இல்லை. கணபதி ரோடு அகலத்துக்கு என்ன செய்வது என்று இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பாலம்_கணக்கு

கணபதியில் தடம் வராதுங்க, சிக்னல்தான் வரும். பஸ் 100 மீட்டர் தள்ளி வரும்போதே பச்சையை நீட்டிப் பிடிக்கிற ஏற்பாடு, அதோடு சிக்னலுக்கு முன்னால் பஸ் மட்டும் முந்திப் போய் நிற்க 50 மீட்டர் இடம். அந்த 50 மீட்டரில் இப்போது என்ன நிற்கிறது என்று ஒரு நாள் காலை போட்டோ எடுத்துப் போடுங்கள், அளந்து சொல்கிறேன்.

வடவள்ளி_கார்

வியாழக்கிழமை பஸ் நாள். இறங்கி எடுத்துப் போடுகிறேன்.